ஸ்பிரிண்ட் ஸ்பிரிண்டாகப் பணம் கறக்கும் சிஸ்டம் கம்பெனிகள்: கடைக்காரர்கள் கவனத்துக்கு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மொத்த மளிகைக் கடை, மென்பொருள் கம்பெனி ஒன்றிடம் ஏமாந்த கதை இது. கம்பெனியின் பெயரைப் போடவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும்.

ஸ்டாக், பில், இ-இன்வாய்ஸ் (வரி வாரியத்துக்கு இணையம் வழி போகும் பில்) மூன்றுக்கும் சேர்த்து ஒரு கணினி சிஸ்டம் கேட்டார்கள் கடைக்காரர்கள். கம்பெனி முதலில் சொன்ன விலை 38,000 வெள்ளி, மொத்தமாக. இரண்டாம் சந்திப்பில் ஓர் அட்டவணை வந்தது. 'வாட்டர்ஃபால்' (எல்லாவற்றையும் முதலிலேயே திட்டமிட்டு வரிசையாகச் செய்வது) சிவப்பில், 'அஜைல்' (சிறு சிறு துண்டாகச் செய்து காட்டித் திருத்துவது) பச்சையில். இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட் (ஒரு தவணை வேலை), ஒன்றுக்கு 7,500 வெள்ளி, "அஞ்சுல முடிஞ்சிரும் அண்ணே." கணக்குப் போட்டால் 37,500, ஐந்நூறு லாபம்! ஒன்பதாவது ஸ்பிரிண்டில் 67,500 போயிருந்தது. கவுண்டரில் ஒரு பில் அடிக்க முடியவில்லை.

அந்த அட்டவணையில் இல்லாத வரி ஒன்றுதான்: வேலை இழுத்தால் நட்டம் யாருக்கு? மொத்தமாக ஒரே விலை என்றால் செய்து கொடுக்கும் கம்பெனிக்கு, ஸ்பிரிண்ட் கணக்கு என்றால் கடைக்கு. வேலை செய்யும் முறை வேறு, காசு கொடுக்கும் முறை வேறு. அஜைலாக வேலை செய்துகொண்டே உச்சவரம்பு விலைக்கு ஒப்புக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாகக் காட்டியதுதான் தந்திரம்.

2001இல் வந்த அஜைல் அறிக்கையின் 12 கொள்கைகளில் ஒன்று, ஓடுகிற மென்பொருளே முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோல் என்கிறது. இங்கே காட்டியது ஃபிக்மாவில் வரைந்த மாதிரித் திரைகளும் 'ஸ்டோரி பாயிண்ட்' வரைபடமும். பாயிண்ட் என்பது ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று செய்பவர்களே போடும் மதிப்பு. போன மாதம் 3 போட்ட வேலைக்கு இந்த மாதம் 8 போட்டால் கோடு தானாக ஏறும்.

ஸ்பிரிண்ட் வைத்து நடக்கும் அஜைல் முறையான ஸ்க்ரமில் எந்த வேலை முதலில் என்று முடிவு செய்பவர் 'புராடக்ட் ஓனர்', ஒரே ஆள். அந்த இடத்தில் கம்பெனி தன் ஊழியரையே உட்கார வைத்தது. லாகின் திரை, டாஷ்போர்டு நிறம் எல்லாம் முதலில் வந்தன. பில் கடைசிக்குப் போனது. கடையின் ஆள் அங்கே இருந்திருந்தால் இரண்டாம் ஸ்பிரிண்டிலேயே விஷயம் வெளியே வந்திருக்கும்.

முறையை ஒப்பிடுவதானால் வேலையைப் பிரித்துப் பாருங்கள். இ-இன்வாய்ஸில் என்னென்ன விவரம் வேண்டும் என்பதை வருமான வரி வாரியம் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. சோதித்துப் பார்க்க, வாரியத்தின் இ-இன்வாய்ஸ் தளமான மைஇன்வாய்ஸில் சாண்ட்பாக்ஸ் என்ற சோதனைக் களமும் உண்டு. தேவை தெளிவாக இருப்பதால் அதை மொத்தமாக ஒரே விலைக்கே கொடுங்கள். பில் மைஇன்வாய்ஸில் ஏற்கப்பட வேண்டும், 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய முடிய வேண்டும், கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போக வேண்டும், பிறகு காசு. கவுண்டர் திரை அப்படியல்ல. காசாளர் தட்டிப் பார்த்துத்தான் குறை சொல்ல முடியும். அதற்கு ஸ்பிரிண்ட் சரி.

ஆனால் எத்தனை ஸ்பிரிண்ட் என்ற உச்சவரம்பு எழுத்தில் இருக்கட்டும். கடையின் சொந்தக் கணினியில், கடையின் இருபது சரக்கை வைத்து ஓட்டிக் காட்டினால்தான் அந்த ஸ்பிரிண்டுக்குப் பணம். எந்த ஸ்பிரிண்டோடும் விலகும் உரிமை வேண்டும். டொமைன் (இணைய முகவரி), ஹோஸ்டிங் (சிஸ்டம் ஓடும் சர்வர் இடம்), கோட் (மென்பொருளின் நிரல்) வைத்திருக்கும் கணக்கு மூன்றும் முதல் நாளே கடையின் பெயரில் இருக்கட்டும்.

இந்தக் கடை கடைசி விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டது. பணத்தை நிறுத்தியதும் கோட் கைவிட்டுப் போனது. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை சேரும், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை. இவர்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் வேறுவிதமாகத்தான் சொல்லியிருந்தது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கும் போக முடியாது. அது சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர்களுக்கு, அதுவும் 50,000 வெள்ளி வரைதான்.