தடாவா, அம்பத்தூரா: பட்டறையை மாற்றுவதற்கு முன் நாங்கள் போட்ட கணக்கு

பட்டறையைத் தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் இருக்கும் தடாவுக்குக் கொண்டுபோவதா, இங்கேயே வைத்துக்கொள்வதா என்று இரண்டு வருடம் இழுத்த பேச்சு போன தை மாதம்தான் முடிந்தது. அம்பத்தூரிலேயே இருக்கிறோம். நான்கு சிஎன்சி லேத் (கணினி மூலம் ஓடும் கடைசல் மெஷின்), இரண்டு விஎம்சி (கணினி மூலம் துளையிட்டுச் செதுக்கும் மெஷின்), பதினாறு பேர். பம்புக்கும் வண்டிக்கும் வேண்டிய சின்னச் சின்ன உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கிற வேலை. கூட்டாளியாக இருக்கும் என் மைத்துனர் கடைசிவரை ஆந்திரப் பக்கம் சாய்ந்தவர். நான் ஆரம்பத்திலிருந்தே போக மனமில்லாதவன். அதனால் இதைப் படிப்பவர்கள் நான் ஒரு பக்கம் நிற்கிறேன் என்று தெரிந்தே படியுங்கள்.

சட்டென்று சொல்லிவிடக் கூடியவை முதலில். நிலமும் வாடகையும் தடா, வரதையபாளையம் பக்கம் மலிவு. தூரம் பெரிய விஷயமில்லை, கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா, புறநகர் ரயிலே சூலூர்பேட்டை வரை போகிறது. அங்கே பக்கத்தில் இருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குள் இசுசு, டைக்கின், கோபெல்கோ என்று ஆர்டர் தரக்கூடிய பெரிய இடங்கள் இருக்கின்றன. மொழியும் தடையில்லை. எங்களுக்கு இடம் காட்ட வந்த தரகர் தெலுங்குக்காரர்தான், ஆனால் "அண்ணா, கரண்ட்டு கம்பம் வாசல்லயே இருக்கு பாருங்க" என்று நல்ல தமிழில் பேசினார். வேலி ஓரத்துக் கம்பத்தில் புது டிரான்ஸ்பார்மர் வெயிலில் பளபளத்தது. மைத்துனர் அதைப் பார்த்ததுமே பாதி முடிவெடுத்துவிட்டார்.

காரணம் இருக்கிறது. எங்களுக்கு இங்கே வலிக்கிற இடம் மின்கட்டணம். எங்கள் இணைப்பு 112 கிலோவாட். 2022 செப்டம்பர் வரை நிலைக் கட்டணம் கிலோவாட்டுக்கு 35 ரூபாய், ஆக மாதம் 3,920. அந்த மாதம் வந்த புதிய கட்டண உத்தரவுக்குப் பிறகு அது நான்கு மடங்குக்கு மேலே போய், அடுத்த வருடமே 17,000-ஐத் தாண்டியது. யூனிட் விலை ஏறினால்கூட ஓட்டினதற்குக் கொடுக்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். நிலைக் கட்டணம் அப்படியில்லை, ஆர்டர் இல்லாமல் இரண்டு மெஷின் துணி போர்த்திக் கிடக்கிற மாதத்திலும் அதே தொகை. அதற்கு மேலே காலை ஆறிலிருந்து பத்து, மாலை ஆறிலிருந்து பத்து என்று உச்சநேரக் கட்டணம் வேறு. முதலில் 25 சதவீதம் என்றார்கள், எதிர்ப்பு வந்ததும் 15 ஆகக் குறைத்தார்கள். 2023 செப்டம்பர் 25-ம் தேதி தமிழ்நாடு முழுக்கச் சிறுதொழில்கள் ஒருநாள் கதவை மூடினோம். நானும் மூடினேன். கரண்ட் பில்லை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் மைத்துனர் சொல்வதுதான் சரி என்று அன்றைக்கு எனக்கே தோன்றியது.

ஆனால் அந்தப் பக்கத்துக் கரண்டையும் முழுதாகப் பார்க்க வேண்டும். ஆந்திராவில் 2022 ஏப்ரலில் ஆலைகளுக்கு வாரத்தில் ஒருநாள் மின் விடுமுறை விட்டார்கள், நிற்காமல் ஓடுகிற ஆலைகள் பாதி லோடில்தான் ஓட வேண்டும் என்றார்கள். அதே வருடம் தொழிற்சாலைகளுக்கான மின்வரியை யூனிட்டுக்கு 6 பைசாவிலிருந்து 1 ரூபாய்க்குத் தூக்கினார்கள். இங்கே 2008-க்கு அப்புறம் சில வருடங்கள் நாங்கள் பட்ட மின்வெட்டையும் மறக்கவில்லை, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே லாபம் போன காலம் அது. ஆக மின்சாரத்தில் தடாவுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண், அவ்வளவுதான்.

இப்போது எங்களை உட்கார வைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மெஷின் வாங்கினால் ஏழு வருடக் கடன். ஏழு வருடத்தில் கட்டாயம் ஒரு சட்டமன்றத் தேர்தல் வரும், பல சமயம் இரண்டு வரும். இன்று மேடையில் தருகிற வாக்கு தேர்தலுக்கு அப்புறமும் நிற்குமா? சலுகை எத்தனை சதவீதம் என்பதைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது.

ஆந்திராவில் 2014-ல் தெலுங்கு தேசம், 2019-ல் ஒய்எஸ்ஆர் காங்கிரஸ், 2024-ல் மறுபடி தெலுங்கு தேசம். ஆட்சி மாறுவது ஜனநாயகம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாறினதும் என்ன நடந்தது என்று பாருங்கள். 2019-ல் வந்த அரசு, முந்தைய அரசு போட்ட காற்றாலை, சூரிய மின்சார ஒப்பந்தங்களைத் திரும்பப் பேச வேண்டும் என்றது. புதுத் தலைநகராக அமராவதியில் எழுந்துகொண்டிருந்த கட்டடங்கள் பாதியில் நின்றன, சிங்கப்பூர் நிறுவனங்களோடு போட்ட திட்டம் அந்த நவம்பரில் கைவிடப்பட்டது. விசாகப்பட்டினத்தில் லுலு குழுமத்துக்குக் கொடுத்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2024-ல் ஆட்சி மாறினதும் அமராவதி மறுபடி எழுகிறது, லுலுவும் திரும்பி வருகிறது. பெரியவர்கள் ஐந்து வருடம் காத்திருப்பார்கள். வங்கித் தவணை என்னைக் காத்திருக்க விடுமா?

அமரராஜா விஷயத்தை நான் பல நாள் படித்தேன். சித்தூர் மாவட்டத்தில் வேர்விட்ட பேட்டரி நிறுவனம், அதன் குடும்பத்தைச் சேர்ந்த கல்லா ஜெயதேவ் அப்போது தெலுங்கு தேசம் எம்.பி. 2021-ல் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளை மூடச் சொன்னது, உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. ஈயம் கலக்கிற மாசு என்றது அரசுத் தரப்பு. அரசியல் பழிவாங்கல் என்றது எதிர்த்தரப்பு. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, பேட்டரி ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஈயம் விளையாட்டு இல்லை. ஆனால் அடுத்த வருடம் டிசம்பரில் அதே நிறுவனம் 9,500 கோடி ரூபாய் திட்டத்துக்குத் தெலங்கானாவோடு ஒப்பந்தம் போட்டது. சொந்த ஊரில் போட்டிருக்க வேண்டிய பணம் அது.

தமிழ்நாட்டையும் இதே தராசில் வைக்க வேண்டும். இங்கே கட்சிப் பகை அந்த ஊருக்குக் குறைந்ததில்லை. கருணாநிதி ஓமந்தூரார் தோட்டத்தில் கட்டிய தலைமைச் செயலகத்தையே அடுத்து வந்த ஜெயலலிதா மருத்துவமனையாக மாற்றினார். ஆனால் தொழிற்சாலை ஃபைல் என்று வந்தால் கதை வேறு. ஃபோர்டு ஜெயலலிதாவின் முதல் ஆட்சியில் வந்தது, 1996-ல் கருணாநிதி வந்த பிறகும் மறைமலைநகரில் வேலை நிற்கவில்லை. நோக்கியா ஒப்பந்தம் 2005-ல் ஜெயலலிதா காலத்தில் போட்டது, 2006-ல் ஆட்சி மாறியது, ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்வது நடந்துகொண்டே இருந்தது. உலக முதலீட்டாளர் மாநாடு என்ற பெயரைக்கூட மாற்றவில்லை. 2015-ல் ஜெயலலிதா, 2019-ல் பழனிசாமி, 2024-ல் ஸ்டாலின். இந்தப் பழக்கம்தான் எனக்கு இங்கே கிடைக்கிற பெரிய சலுகை, இதை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள்.

இதில் கறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதே நோக்கியா 2014 நவம்பரில் மூடினபோது, மாநில வணிகவரித் துறை அனுப்பிய 2,400 கோடி ரூபாய் நோட்டீஸும் மத்திய வருமானவரி வழக்கும் அதன் தலைமேல் இருந்தன. ஆட்சி மாறித்தான் தொல்லை வர வேண்டும் என்றில்லை. 2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டுக்கு வருவதாக அறிவித்த தென்கொரியக் காலணி நிறுவனம் ஹ்வாசுங், 1,720 கோடி ரூபாய், 20,000 பேருக்கு வேலை என்றார்கள், சில மாதத்தில் குப்பத்துக்குப் போய்விட்டது. குப்பம் சந்திரபாபு நாயுடுவின் தொகுதி. அந்த வாரம் மைத்துனர் செய்தியைக் காட்டி, "மாமா, அவ்வளவு பெரிய ஆளே போறான், நாம எதுக்கு யோசிக்கணும்" என்றார். என்னிடம் உடனே பதிலில்லை.

இங்கேதான் செய்தியை எப்படிப் படிப்பது என்ற கேள்வி வருகிறது. தெலுங்கில் சாக்ஷி, ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் தலைவர் ஜெகன் குடும்பத்துப் பத்திரிகை, ஈநாடு நாயுடு பக்கம் சாய்ந்தது என்பது ஊரறிந்தது. தமிழில் கலைஞர் டிவி திமுக பக்கம், நியூஸ் ஜெ அதிமுக பக்கம். ஒன்றில் முதலீடு வெள்ளமாக வருகிறது, மற்றதில் ஆலைகள் எல்லாம் ஆந்திராவுக்கு ஓடுகின்றன. இரண்டும் ஒரே நாள் ராத்திரி எட்டு மணிக்கு. 2021 செப்டம்பரில் ஃபோர்டு மூடுகிறேன் என்றபோது தமிழ்நாடு அரசு விரட்டிவிட்டது என்று எங்கள் வட்டாரத்தில் பலர் நம்பினார்கள். அந்த நிறுவனம் சொன்ன காரணம், பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்பது. அதோடு குஜராத்தில் சானந்த் ஆலையையும் சேர்த்துத்தான் மூடினார்கள். அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் பாதி விவாதம் அங்கேயே முடிந்திருக்கும். 2020 பிப்ரவரியில் கியா, பெனுகொண்டாவில் திறந்து இரண்டே மாதமான ஆலையைத் தமிழ்நாட்டுக்கு மாற்றப் பேசுகிறது என்று செய்தி வந்தது. நிறுவனமும் மறுத்தது, ஆந்திர அரசும் மறுத்தது, ஆலை இன்றும் அங்கேயேதான் ஓடுகிறது. அதை நம்பி ஒருவர் இங்கே மெஷின் புக் செய்திருந்தால் அவர் கதி என்ன?

என் வழி இதுதான்: மாநாட்டு மேடைத் தொகையை விட்டுவிடுவேன், அரசாணை, மின்கட்டண உத்தரவு, நீதிமன்றத் தீர்ப்பு இந்த மூன்றையும் பார்ப்பேன். அப்புறம் எது செய்தியில் வரவில்லை என்று பார்ப்பேன். நாங்கள் கதவடைத்த அன்று சாயங்காலம் குடும்பமே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். நான் பார்த்த இரண்டு சேனலில் ஒன்றில் அரை நிமிடம் வந்தது, மற்றதில் வரவே இல்லை. ஒரு கார் ஆலை போனால் ஒரு வாரம் விவாதம். அதே அளவு ஆட்கள் நூறு பட்டறையிலிருந்து பத்துப் பத்துப் பேராக வீட்டுக்குப் போனால் கேமரா வருவதில்லை. சேனல் காட்டாததை மந்திரியும் கேட்பதில்லை, அதனால்தான் நிலைக் கட்டணம் இத்தனை வருடம் இழுக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேலையாட்கள் விஷயமும் ஆட்சியோடு சேர்ந்ததுதான். எங்கள் பதினாறு பேரில் ஆறு பேர் ஒடிசாக்காரர்கள், பட்டரவாக்கம் ஸ்டேஷன் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். ஆந்திரா 2019 ஜூலையில் தொழிற்சாலை வேலையில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று சட்டம் போட்டது, நாட்டிலேயே அதுதான் முதல். தமிழ்நாட்டிலும் 2021 தேர்தல் அறிக்கையில் திமுக அதே 75 சதவீதத்தைச் சொன்னது, ஆனால் சட்டமாகவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை தர எனக்கும் ஆசை. ஆனால் விஎம்சி ஓட்டத் தெரிந்த பையன் திடீரென்று கிடைக்க மாட்டான், பழக்க இரண்டு வருடம் ஆகும்.

கடைசியாக, வெளிவேலை. பாகத்தைக் கடைந்த பிறகு ஹீட் ட்ரீட்மென்ட் (சூடேற்றிக் கடினமாக்குவது), பிளேட்டிங் (உலோகப் பூச்சு), கிரைண்டிங் (தேய்த்து மெருகேற்றுவது) என்று மூன்று இடம் போய் வர வேண்டும். அம்பத்தூரில் காலையில் குட்டி யானையில் ஏற்றிவிட்டால் மாலைக்குள் திரும்பி வரும். ஒரு தடவை பிளேட்டிங் கருத்துப்போனபோது நானே ஸ்கூட்டரில் இரண்டு பாகத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, அன்றே மறுபடி போட வைத்தேன். அரசாங்கம் ஒரு உத்தரவில் உருவாக்க முடியாத விஷயம் இது, அறுபது வருட எஸ்டேட் பழக்கம்.

என் கணக்கு எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஸ்ரீசிட்டி 2008-ல் ராஜசேகர ரெட்டி காலத்தில் தொடங்கி எல்லா ஆட்சியையும் தாண்டி வளர்ந்திருக்கிறது, அந்த வேலிக்குள் பெரிய வாடிக்கையாளர் கையில் இருப்பவர் தைரியமாகப் போகலாம் என்றுதான் தோன்றுகிறது. நாங்கள் பார்த்தது வேலிக்கு வெளியே, அதுவும் நான்கு தடவை போய் வந்ததோடு சரி, அங்கே ஒரு மழைக்காலம்கூட இருந்து பார்க்கவில்லை. உணவுப்பொருள், பேக்கிங் மாதிரி வெளிவேலை தேவைப்படாத தொழிலுக்கு அங்கே நிச்சயம் லாபம் அதிகமாக இருக்கலாம்.

மைத்துனர் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. நிலைக் கட்டணம் இன்னொரு தடவை இதே மாதிரி எகிறினால் திரும்பவும் உட்கார்ந்து பேசுவது என்று ஒப்பந்தம். இரண்டு ஊர்க் கணக்கையும் எழுதிய நோட்டு பில் புத்தகங்களோடு மேஜை டிராயரிலேயே இருக்கிறது, தரகர் நம்பரும் அதன் முதல் பக்கத்தில்.