இடுப்புத்தளத் தசை மெஷின்: இரண்டு வருடம், மூன்று வயர், ஒரு குச்சி

"அக்கா, உங்கட மெஷினை இரண்டு கிழமைக்குத் தருவீங்களோ? தும்மினாலே சலம் போகுது." வெள்ளவத்தையில் இருந்து வந்த கேள்வி. பதில் வட்ஸ்அப்பில் அடங்காது, அதனால் இங்கே.

இரண்டு கிழமையில் ஒன்றும் நடக்காது. சலப்பையைக் கீழிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசை பலப்பட மூன்று மாதம் வேண்டும். பிரித்தானியாவில் சிகிச்சை முறைகளை வகுக்கிற நைஸ் அமைப்பின் வழிகாட்டல் சொல்வது ஒரு தடவைக்குக் குறைந்தது 8 சுருக்கம், நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். இது பயிற்சிக்கான கணக்கு, மெஷினுக்கு இல்லை. மெஷின் செய்கிற மின்தூண்டலை, அதாவது மின்சாரத்தால் தசையைச் சுருங்க வைப்பதை, எல்லோருக்கும் வழமையாகக் கொடுக்க வேண்டாம், தசையைத் தானாகச் சுருக்கவே முடியாதவர்களுக்கு யோசிக்கலாம் என்பதுதான் அங்கே இருக்கிறது. இந்த வரியை எந்தப் பெட்டியிலும் அச்சடித்துக் காணவில்லை.

சாமான் இவ்வளவுதான்: உள்ளங்கை அளவு பெட்டி, 9 வோல்ட் பற்றறி, யோனிக்குள் வைக்கிற, இரண்டு உலோகத் தகடு பதித்த புரோப், நடுவில் ஒரு வயர். கோபம் வருவது அந்த வயரில். இரண்டு வருடத்தில் இது மூன்றாவது. எப்போதும் ஒரே இடத்தில்தான் போகும், புரோப்பின் வாலுக்குள் செருகுகிற 2 மில்லிமீற்றர் ஊசியின் கழுத்தில். மேலே றப்பர் உறை முழுசாக இருக்கும், உள்ளே மயிர் போன்ற செப்புக் கம்பி முறிந்திருக்கும். கண்ணால் பார்த்துப் பிடிக்க ஏலாது.

நேற்று 32 மில்லிஅம்பியரில் நன்றாக இழுத்தது இன்றைக்குத் தெரியவே தெரியாது. கை தானாகக் கூட்டும்: 38, 42, 45. காலைக் கொஞ்சம் அசைத்ததும் முறிந்த முனைகள் தொட்டுக்கொள்ளும், அந்த 45உம் ஒரே அடியாக இறங்கும். தொடர்பு விட்டதும் பூச்சியத்துக்குத் திரும்ப வேண்டிய மெஷின் இது. சிலவேளை திரும்புகிறது, சிலவேளை தூங்குகிறது. ஆகவே உணர்வு குறைந்தால் கூட்டாதீர்கள். பூச்சியத்துக்கு இறக்கி, நிறுத்தி, வயரைச் சோதியுங்கள். மல்டிமீற்றரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து ஊசியின் கழுத்தை மெல்ல வளைக்கும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் வயர் முடிந்தது. மல்டிமீற்றர் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். இல்லையென்றால் உள்ளங்கையை நனைத்து, இரண்டு தகடும் படும்படி புரோப்பைப் பொத்திப் பிடித்து, ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். கையிலும் ஒன்றும் தெரியாவிட்டால் பிழை வயரில், புரோப்பில் அல்லது பெட்டியில்.

முறிவதற்கு நாமும் காரணம் என்று ஒத்துக்கொள்கிறேன். புரோப்பை எடுக்கும்போது வயரைப் பிடித்து இழுப்பதும், முடிந்ததும் பெட்டியைச் சுற்றி இறுக்கி வைப்பதும்தான் கழுத்தை முறிக்கிறது. புரோப்பின் விளிம்பைப் பிடித்து எடுங்கள், வயரைத் தளர்வாக வளையமிட்டு லாச்சியில் போடுங்கள். மாற்று வயர் தேடும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். வலிக்குத் தோலில் ஒட்டி மின்சாரம் கொடுக்கிற டென்ஸ் மெஷின் வயர்களில் பலவற்றுக்கு இதே 2 மில்லிமீற்றர் ஊசிதான், ஆனால் பெட்டிப் பக்கத்து முனை ஆளுக்கொரு விதம்.

வயரை விட்டால் மற்றதெல்லாம் பழுதில்லை. இருமும்போதும் தும்மும்போதும் போவதற்கு 35 முதல் 50 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு அத்தனை மின்துடிப்பு), அவசரமாக முட்டிக்கொண்டு வருவதற்கு 10 முதல் 20 ஹேர்ட்ஸ் என்று நிரல்கள் ஒழுங்காகவே பிரித்திருக்கின்றன. தகடுகள் இரண்டு இடுப்புப் பக்கமும் பார்க்க வேண்டும். புரோப் திரும்பி ஒரு தகடு முன்னுக்கு வந்துவிட்டால் சலத்துவாரத்துக்குக் கிட்டக் குத்தும். குத்துவதற்கு இன்னொரு காரணம் வறட்சி. ஈரம் உள்ள சிறு இடத்தில் மட்டும் மின்சாரம் குவிந்து ஊசி போல எரியும். நீரடிப்படை ஜெல்தான் பூச வேண்டும். எங்கள் வீடுகளில் எல்லாவற்றுக்கும் கை போகிற தேங்காய் எண்ணெய் இங்கே கூடாது. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, சிலிக்கோன் ஜெல்லும் அப்படியே. ஒவ்வொரு முறையும் இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் மென்மையான சவர்க்காரத்திலும் கழுவித் துவாயால் ஒற்றிக் காயவிடுங்கள். கொதிநீர் வேண்டாம். கொழும்பின் கடற்காற்றுக்குப் பற்றறி முனைகளில் பச்சைப் பூ பூக்கும், நாட்கணக்கில் பாவிக்காவிட்டால் பற்றறியைக் கழற்றி வையுங்கள்.

எதிர்பாராத சந்தோஷம் என்னவென்றால் புரோப்போடு வந்த ஒரு பிளாஸ்டிக் குச்சி. மெல்லிய வெள்ளைக் குச்சி, மின்சாரமில்லை, எண்ணில்லை. வயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் செருக வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, தசையைச் சுருக்கினால் குச்சியின் நுனி கட்டில் பக்கம் தாழும். அப்படித் தாழ்ந்தால் சரி. நுனி கூரைப் பக்கம் எழும்பினால் நீங்கள் உள்ளிழுக்கவில்லை, மலம் கழிக்கிறமாதிரி முக்குகிறீர்கள். பலர் மாதக்கணக்காகச் செய்து "எனக்குப் பலிக்கவில்லை" என்று சொல்வதற்கு இந்த முக்கல் ஒரு பெரிய காரணம். அதனால் இருக்கிற பலவீனம் இன்னும் கூடும். பெட்டி 20 நிமிடம் இழுத்தும் காட்டாததைக் குச்சி அரை நிமிடத்தில் காட்டுகிறது.

செய்முறை: காற்றுப் போகாமல் அடக்குவதுபோல் பின்பக்கம் தொடங்கி, அப்படியே முன்னுக்கும் மேலுக்கும் இழுங்கள். 3 செக்கன் பிடித்து அதேயளவு நேரம் முழுசாக விடுங்கள். விடுவதும் பயிற்சியில் பாதி. கிழமைக்குக் கிழமை கூட்டி 8 முதல் 10 செக்கன் வரை போகலாம். நீண்ட சுருக்கம் 8 முடிந்ததும் சட்டென்று இறுக்கி விடுகிற குறுஞ்சுருக்கம் 10. தசையில் இரண்டு வகை நார் உண்டு: மெதுவாக வேலை செய்கிற மெதுநார் தாங்கிப் பிடிக்க, சட்டென்று இறுகுகிற விரைநார் தும்மலுக்கு, இரண்டுக்கும் வேலை கொடுக்க வேண்டும். மூச்சை அடக்காதீர்கள், பிட்டமும் தொடையும் இறுகக்கூடாது. சலம் போகும்போது நிறுத்திப் பார்ப்பது இடம் தெரிய ஒரு தடவைக்குப் போதும், அதையே பயிற்சியாக்கினால் சலப்பை முழுசாகக் காலியாகாமல் பழகிவிடும். பிறகு நடைமுறை: தும்மல் வருவதற்கு முன், இருமலுக்கு முன், அரிசி மூட்டை தூக்குவதற்கு முன் இறுக்குங்கள். 100ஆம் இலக்க பஸ்ஸின் உயர்ந்த படியில், கண்டக்டர் "ஏறுங்கோ ஏறுங்கோ" என்று கத்தும்போதும் அதேதான்.

சுருக்கங்களை மெஷினில் கண்டு திருத்துவது உதவும் என்றுதான் நானும் நினைத்தேன். 2020இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 600 பெண்களைப் பிரித்து, ஒரு பகுதிக்கு மேற்பார்வையோடு பயிற்சி மட்டும், மற்றப் பகுதிக்கு அதோடு பின்னூட்டக் கருவியும் கொடுத்தார்கள். 2 வருட முடிவில் வித்தியாசமில்லை. ஆக, குச்சியும் சில நாள் வாத்தியார்தான். இடம் பிடிபட்டதும் லாச்சிக்குப் போகவேண்டியது.

கர்ப்பம், பேஸ்மேக்கர், காரணம் தெரியாத இரத்தப்போக்கு, தொற்று, பிரசவமோ சத்திரசிகிச்சையோ முடிந்து 6 கிழமை ஆகாதது: இவற்றில் எதுவும் இருந்தால் மெஷின் வேண்டாம். வலியோடு இறுகிப்போன தசை உள்ளவர்களுக்கு இறுக்கும் பயிற்சியே எதிரி, முதலில் தளர்த்தப் பழக வேண்டும். கொழும்பின் காசல் வீதி ஆஸ்பத்திரியிலோ டி சொய்சா ஆஸ்பத்திரியிலோ பிள்ளை பெற்றவர்கள் கிளினிக்கிலேயே கூச்சப்படாமல் கேட்டு, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை பரிசோதித்துக்கொண்டால் குச்சியும் தேவைப்படாது.

இவ்வளவும் எழுதிய பிறகு "வாங்க வேண்டாம்" என்று முடிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த மெஷின் நாளைக்குக் கடலில் விழுந்தால் நாளன்றைக்கே இன்னொன்று வாங்குவேன், ஏனென்று கேட்காதீர்கள். தங்கச்சி, பெட்டியை வந்து எடுத்துக்கொண்டு போங்கோ, மூன்று மாதம் வைத்திருங்கோ. புரோப் ஆளுக்கு ஒன்று, அதைப் புதிதாக வாங்குங்கோ, வாங்கும்போது குச்சி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கோ. வயரை மட்டும் கேட்காதீங்கோ.