ஒத்துவாக்கிய வேதாகமம்: வீட்டாருக்கும் விசுவாசத்துக்கும் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு உதவும்?

வீட்டார் எதிர்க்கும் நிலையிலும் கிறிஸ்துவைப் பின்பற்ற முடிவெடுத்த ஒருவர், தன் கேள்விகளோடு தனியே உட்கார்ந்து வாசிப்பதற்கு எந்த வேதாகமப் பதிப்பை வாங்கலாம் என்று கேட்டால், விளக்கக் குறிப்புகள் நிறைந்த பதிப்பை நான் முதலில் பரிந்துரைப்பதில்லை. பழைய திருப்புதல் என்னும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் வசனங்களும், பக்கத்தின் நடுப்பத்தியிலோ ஓரத்திலோ ஒத்துவாக்கியங்களும் (தொடர்புள்ள மற்ற வசனங்களின் எண்கள்), கடைசியில் சொற்களைக்கொண்டு வசனங்களைத் தேட உதவும் ஒரு சொல்லடைவும் உள்ள எளிய ஒத்துவாக்கிய வேதாகமத்தையே கையில் கொடுப்பேன். விளக்கக் குறிப்பு எழுதியவர் எவ்வளவு கற்றவராயிருந்தாலும், கடினமான வசனத்தை வாசகர் முழுமையாக எதிர்கொள்வதற்கு முன்பே அதன் கூர்மையைத் தேய்த்துவிடும் ஆசை அவருக்கு வரவே செய்கிறது. ஒத்துவாக்கியமோ தன் பங்குக்கு எதையும் சொல்லாமல், இன்னொரு வசனத்தின் எண்ணைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தவரை அந்த மௌனம் எங்கே பலனளிக்கிறது, எங்கே ஆபத்தாகிறது என்பதையே இந்த மதிப்புரையில் எழுதுகிறேன். என் கையிலுள்ள பதிப்பை வைத்தே எழுதினாலும், ஒத்துவாக்கிய எண்கள் பெரும்பாலும் பொதுவான மரபைச் சார்ந்தவை என்பதால், மற்றப் பதிப்புகளை வைத்திருப்போருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மத்தேயு 10-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இந்த நூல் தன் வேலையை மிகச் சிறப்பாகச் செய்யும் இடம் அதுதான். “சமாதானத்தையல்ல, பட்டயத்தையே அனுப்பவந்தேன்” என்ற 34-ஆம் வசனத்தையும், மகனைத் தகப்பனுக்கும் மகளைத் தாய்க்கும் மருமகளை மாமிக்கும் விரோதமாகப் பிரிக்க வந்ததாகச் சொல்லும் அடுத்த வசனத்தையும் தனியே வாசிப்பவர், குடும்பத்தை உடைப்பதே சீஷத்துவத்தின் நோக்கம் என்று எண்ணிவிடக்கூடும். ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணோ அவரை மீகா 7:6-க்கு அனுப்புகிறது. அங்கே போய்ப் பார்த்தால், இயேசு எடுத்தாளும் அந்த வார்த்தைகள் கட்டளையாக அல்ல, புலம்பலாகவே நிற்கின்றன. பக்தியுள்ளவன் தேசத்தில் இல்லாமற்போனான் என்றும், சிநேகிதனையும் மடியில் படுத்திருக்கிற மனைவியையும்கூட நம்ப முடியாத காலம் வந்துவிட்டது என்றும் தீர்க்கதரிசி அழுகிறார். வீட்டார் சத்துருக்களாவது அந்த அழுகையின் கடைசி வரி. அதற்கடுத்த 7-ஆம் வசனத்தில்தான் அவர் கர்த்தரை நோக்கித் திரும்புகிறார். இந்தப் பின்னணியோடு மத்தேயுவுக்குத் திரும்பி வந்து, கொஞ்சம் மேலே 21-ஆம் வசனத்தையும் வாசித்தால், பட்டயம் யாருடைய கையில் இருக்கிறது என்பது தெளிவாகிவிடும். சகோதரன் சகோதரனை மரணத்துக்கு ஒப்புக்கொடுப்பான் என்று அங்கே சொல்லியிருக்கிறது, ஒப்புக்கொடுக்கப்படுகிறவன்தான் சீஷன். வீட்டார்மேல் பட்டயத்தை ஓங்கும்படி அவனுக்கு எந்தக் கட்டளையும் இல்லை. ஒரு சிறு எண் இவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது. அரைப்பக்க விளக்கவுரையால்கூட இதை இவ்வளவு உறுதியாக மனதில் பதிக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

லூக்கா 14:26-இல் இந்த நூலின் பலமும் குறையும் சேர்ந்தே வெளிப்படுகின்றன. தகப்பனையும் தாயையும் மனைவியையும் பிள்ளைகளையும், தன் ஜீவனையும்கூட வெறுக்காவிட்டால் ஒருவன் சீஷனாயிருக்கமாட்டான் என்ற அந்த வசனத்துக்கு, ஒத்துவாக்கியங்கள் இரண்டு முக்கியமான இடங்களைக் காட்டுகின்றன. முதலாவது மத்தேயு 10:37. “என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல” என்று அங்கே வருவதால், முதலிடம் யாருக்கு என்பதே கேள்வி என்று வாசகருக்குப் புரிகிறது. இரண்டாவது உபாகமம் 33:9. தன் தகப்பனையும் தாயையும் நான் பார்க்கவில்லை என்று சொன்ன லேவியை மோசே ஆசீர்வதிக்கும் இடம் அது. அங்கிருந்து இன்னொரு எண், பொற்கன்றுக்குட்டியின் சம்பவத்துக்குப் பின் லேவியர் பட்டயம் ஏந்தித் தங்கள் சகோதரரையே வெட்டிய யாத்திராகமம் 32-க்குப் போகிறது. இந்தச் சங்கிலி சரியானதே. ஆனாலும் காயப்பட்ட மனநிலையில், வீட்டாரோடு கோபமாயிருக்கும் ஒருவர் வழிகாட்ட யாருமின்றி இந்த எண்களின் பின்னே போனால் எங்கே போய் நிற்பார் என்ற கவலை எனக்கு உண்டு. சீனாய் மலையடியில் நடந்ததற்கும், தன் பகைவரைச் சிநேகிக்கச் சொன்னவர் தம் சீஷரை எச்சரித்ததற்கும் உள்ள இடைவெளியை ஓரத்து எண் சொல்லாது.

அதைவிடப் பெரிய குறை, இருக்கவேண்டிய ஓர் எண் அங்கே இல்லாதது. மாற்கு 7:9-13-இல் இதே இயேசு, கொர்பான் என்னும் காணிக்கையைக் காரணம் காட்டித் தாய்தகப்பனுக்குச் செய்யவேண்டிய உதவியை நிறுத்தியவர்களையும், அதற்கு இடங்கொடுத்த போதகர்களையும் கண்டித்து, உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்கிறார். தேவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுவது பக்தி அல்ல என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அந்தப் பகுதியின் ஓரத்தில் யாத்திராகமம் 20:12, உபாகமம் 5:16, மத்தேயு 15:4 ஆகியவை சரியாகவே இருக்கின்றன. லூக்கா 14:26-க்குப் போகும் எண் மட்டும் இல்லை. லூக்காவிலிருந்து இங்கே வரவும் வழியில்லை. தன் வீட்டாரை விசாரியாதவன் “விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்” என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வதும் லூக்காவின் பக்கத்தில் எட்டிப்பார்ப்பதில்லை. ஒரே சொற்களும் ஒரே செய்தியும் வரும் இடங்களைத்தான் ஒத்துவாக்கிய மரபு இணைக்கிறது. ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் வசனங்களை இணைப்பது அதன் வழக்கமல்ல. ஆனால் இந்தக் கேள்வியோடு வருபவருக்குத் தேவைப்படுவது அந்த நெருக்கம்தான். இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்க்காதவர், ஒன்றை வைத்துக்கொண்டு பெற்றோரைக் கைவிடுவார், அல்லது மற்றொன்றை வைத்துக்கொண்டு கிறிஸ்துவின் அழைப்பைத் தள்ளிப்போடுவார்.

அச்சமைப்பைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு வசனத்தையும் தனிப்பத்தியாக அச்சிடும் பழைய முறையில், லூக்கா 14:26 தனித்து நிற்கும் ஒரு தீர்ப்பைப்போல் கண்ணில் படுகிறது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் வெளியிட்ட பதிப்பில் வந்தவை. லூக்கா எழுதியபோது அந்தப் பிரிப்பு இல்லை. 25 முதல் 33 வரை ஒரே மூச்சில் வாசித்தால், கோபுரம் கட்ட மனதாயிருந்து முன்னதாகச் செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கிறவனும், பதினாயிரம் சேவகரோடு இருபதினாயிரம் பேரை எதிர்க்க முடியுமா என்று ஆலோசிக்கிற ராஜாவும் அதே பேச்சில் வருவதைக் காணலாம். உணர்ச்சிவசப்பட்டு ஒரே இரவில் எடுக்கும் முடிவை அல்ல, விலையை எண்ணிப் பார்த்தபின் எடுக்கும் முடிவையே இயேசு கேட்கிறார். பத்தி பத்தியாக அச்சிட்ட பதிப்பு கிடைத்தால் அதையே வாங்கவேண்டும் என்பதற்கு இந்த ஒரு பகுதியே போதுமான காரணம்.

லூக்கா 9:61-ஐ 1 இராஜாக்கள் 19:20-உடன் இணைத்திருப்பதற்குப் பதிப்பாளர்களைப் பாராட்டவேண்டும். எலியாவைப் பின்பற்றுவதற்கு முன் தாய்தகப்பனை முத்தமிட எலிசா அனுமதி கேட்கிறார். போய் வந்து, ஓர் ஏர் மாடுகளை அடித்துச் சமைத்து ஜனங்களுக்குக் கொடுத்துவிட்டே புறப்படுகிறார். இயேசுவிடம் அதே அனுமதியைக் கேட்ட மனிதனுக்குக் கிடைத்ததோ, கலப்பையில் கைவைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியுள்ளவன் அல்ல என்ற பதில். இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது இடறல் ஏற்படுகிறது. அந்த இடறலை மறைக்காமல் வாசகரின் முன் வைத்ததே இந்த நூலின் நேர்மை.

இந்த வகை வேதாகமம் போதிய அளவு செய்யாத இன்னொரு வேலை, உபதேச வசனங்களை மனிதரின் வாழ்க்கையோடு இணைப்பது. இயேசுவின் சொந்தக் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் தம்மைத் தேடிக் கண்டுபிடித்த தாயிடம், என் பிதாவுக்கடுத்தவைகளில் நான் இருக்கவேண்டியதென்று அறியீர்களா என்று கேட்கிறார் (லூக்கா 2:49). இரண்டே வசனங்கள் தாண்டி, அவர்களோடு நாசரேத்துக்குப் போய் அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்று வாசிக்கிறோம். பின்னாளில் அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று சொல்லி அவருடைய இனத்தாரே அவரைப் பிடித்துக்கொண்டுபோக வருகிறார்கள் (மாற்கு 3:21). அதே அதிகாரத்தின் முடிவில், தாயும் சகோதரரும் வெளியே நின்று அழைக்கும்போது, தேவனுடைய சித்தத்தின்படி செய்கிறவனே எனக்குச் சகோதரனும் சகோதரியும் தாயுமாயிருக்கிறான் என்கிறார். அவருடைய சகோதரரும் அவரை விசுவாசியாதிருந்தார்கள் என்று யோவான் 7:5 தெரிவிக்கிறது. சிலுவையில் தொங்கும் வேளையில் தாயைத் தமக்கு அன்பான சீஷனிடம் ஒப்படைக்கிறார் (யோவான் 19:26-27). உயிர்த்தெழுந்தபின் தம் சகோதரனாகிய யாக்கோபுக்குத் தரிசனமாகிறார் (1 கொரிந்தியர் 15:7); அப்போஸ்தலர் 1:14-இல் தாயும் சகோதரரும் சீஷரோடு ஒருமனப்பட்டு ஜெபத்தில் தரித்திருக்கிறார்கள். விசுவாசியாத வீட்டில் வாழும் ஒருவருக்கு இதைவிட ஆறுதலான வாசிப்பு வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. இயேசு தம் வழியை விட்டு விலகவுமில்லை, வீட்டாரைக் கைவிடவுமில்லை. அவர்கள் அவரை ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. இந்த ஏழு இடங்களையும் முழுத் தொடராக இணைக்கும் எண் வரிசை என் பதிப்பில் எங்கும் இல்லை. துண்டு துண்டாகச் சில இணைப்புகள் மட்டும் இருக்கின்றன.

செபதேயுவின் வீட்டுக் கதையும் இப்படித்தான் சிதறிக் கிடக்கிறது. அவருடைய மகன்களான யாக்கோபும் யோவானும் தகப்பனைப் படவில் விட்டுவிட்டு இயேசுவின் பின்னே போனார்கள் என்பதை எல்லாரும் அறிவர். கூலியாட்களோடு விட்டுப்போனார்கள் என்று மாற்கு 1:20 கூடுதலாகச் சொல்வதைக் கவனிப்பவர் குறைவு. முதியவர் தனியே விடப்படவில்லை. அவர்களுடைய தாயோ பின்னர் இயேசுவைப் பின்சென்று, சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்த ஸ்திரீகளில் ஒருத்தியாக மத்தேயு 27:56-இல் காணப்படுகிறாள். எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே என்று சொன்ன பேதுருவின் மாமியைத்தான் இயேசு ஜுரத்திலிருந்து எழுப்பினார். பேதுரு தன் மனைவியை ஊழியப் பயணங்களில் கூட்டிக்கொண்டுபோனதை 1 கொரிந்தியர் 9:5 காட்டுகிறது. விடுவது என்றால் சுவிசேஷ நூல்களில் என்ன பொருள் என்பதற்கு இவை சாட்சிகள்.

பழைய ஏற்பாட்டில் நான் இளைஞர்களுக்கு முதலில் காட்டும் இடம் நியாயாதிபதிகள் 6. தகப்பன் யோவாசுக்குச் சொந்தமான பாகாலின் பலிபீடத்தைத் தகர்க்கும்படி கிதியோனுக்குக் கட்டளை வருகிறது. தகப்பன் குடும்பத்தாருக்கும் ஊராருக்கும் பயந்து, பத்துப்பேரைச் சேர்த்துக்கொண்டு இரவிலே அதைச் செய்கிறான். மறுநாள் ஊரார் அவனைச் சாகடிக்கும்படி கேட்டு வாசலில் நிற்கும்போது, பலிபீடத்தை இழந்த அதே யோவாஸ், பாகால் தேவனானால் தனக்காகத் தானே வழக்காடட்டும் என்று மகனுக்காக எழுந்து நிற்கிறான். இந்தப் பகுதிக்கு மத்தேயு 10-இலிருந்து எந்த எண்ணும் இல்லாதது எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது.

சொல்லடைவைப் பொறுத்தவரை அதிகம் சொல்வதற்கில்லை. தகப்பன், தாய், வீட்டார், சகோதரர் என்று தனித்தனியே தேடவேண்டும். பொருள்வாரியான அட்டவணை இல்லாததால் புதிய வாசகர் களைத்துவிடுவார். கைப்பேசிச் செயலிகளில் தேடல் விரைவானது. ஆனால் இரண்டு மூன்று பகுதிகளை ஒரே நேரத்தில் திறந்துவைத்து மாறிமாறி வாசிக்கவேண்டிய இந்தக் கேள்விக்கு, விரல்களை வெவ்வேறு பக்கங்களில் வைத்துக்கொள்ள முடிகிற அச்சுப் பிரதியே எனக்கு வசதியாயிருக்கிறது.

1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைப் பயன்படுத்துவோருக்குக் கூடுதலாக ஒரு பலன் உண்டு. பெற்றோரை மதிப்பதைப் பற்றி விரிவாகப் பேசும் சீராக் 3-ஆம் அதிகாரமும், ஏழு மகன்களையும் நம்பிக்கையில் உறுதியாய் நிற்கும்படி தாயே ஊக்குவிக்கும் 2 மக்கபேயர் 7-ஆம் அதிகாரமும் அதன் கத்தோலிக்கப் பதிப்பில் இருக்கின்றன. குடும்பப் பாசமும் விசுவாசமும் ஒரே தாயின் வாயிலிருந்து ஒரே குரலாக ஒலிக்கும் அந்த அதிகாரத்தை, எந்தச் சபையைச் சேர்ந்தவரும் ஒருமுறையாவது வாசிக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

வேதத்தை ஓரளவு வாசித்துப் பழகியவருக்கும், வேதபாடம் நடத்துகிறவருக்கும் ஒத்துவாக்கிய வேதாகமத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஞானஸ்நானத்தின் காரணமாக வீட்டில் எதிர்ப்பைச் சந்தித்துக்கொண்டிருக்கும் புதிய விசுவாசிக்கு இதைக் கொடுப்பவர், கொடுத்துவிட்டுப் போய்விடாமல், சில வாரங்களாவது கூட உட்கார்ந்து வாசிக்கவேண்டும். அவிசுவாசியான துணையோடு வாழ்வதைப் பற்றிய 1 கொரிந்தியர் 7:12-16-ஐயும், போதனையின்றி நடக்கையினாலே ஆதாயப்படுத்துவதைப் பற்றிய 1 பேதுரு 3:1-2-ஐயும், கிரேக்கத் தகப்பனுக்குப் பிறந்து, பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசத்தில் வளர்ந்த தீமோத்தேயுவின் வீட்டையும் (அப்போஸ்தலர் 16:1, 2 தீமோத்தேயு 1:5) அவருக்குக் காட்டவேண்டும். வாங்கும்போது எழுத்தின் அளவையும், மறுபக்கத்து அச்சு தெரியாத தாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் எழுத இடமுள்ள பதிப்பாக இருந்தால் மிகவும் நல்லது: லூக்கா 14:26-இன் பக்கத்தில் மாற்கு 7:9-13 என்றும், மாற்கு 7-இன் பக்கத்தில் லூக்கா 14:26 என்றும் முதல் நாளே எழுதிவைத்துவிடலாம்.