மாஃப்பா மேப்பா? திருகோணமலையில் ஓடும் டர்போ காருக்குக் காற்றளவு சென்சர்

பெரிய டர்போவும், அது அழுத்தும் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரும் பூட்டி முடிந்த பிறகுதான் நம்மவர்கள் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சரை எங்கே வைப்பது என்று யோசிப்பார்கள். இது இரண்டு வகை: காற்றின் நிறையை அளப்பது மாஃப் (MAF), மனிபோல்ட் அழுத்தத்தை அளப்பது மேப் (MAP). அதை முதலில் தீர்மானித்தால்தான் பைப்பை எங்கே வளைப்பது, பில்டரை எங்கே வைப்பது என்பது தெரியும்.

பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் மாஃப் வைப்பதுதான் பழைய வழி. நிசான் சில்வியாவின் எஸ்ஆர்20டிஇடி எஞ்சினில் கம்பெனியே அப்படித்தான் வைத்திருந்தது. மாஃப்பின் சூடான கம்பி காற்றின் நிறையை நேராக அளப்பதால் எக்சோஸ்டையோ, வால்வுகளைத் திறக்கும் கேமையோ கொஞ்சம் மாற்றினாலும் கணக்கு பெரிதாகக் குழம்பாது. ஆனால் ஆக்சிலேட்டரை விடும்போது மிஞ்சும் அழுத்தத்தைத் திறந்துவிடும் புளோ ஆஃப் வால்வு காற்றை வெளியே விடக் கூடாது, டர்போவின் வாய்க்கே திருப்ப வேண்டும். ஏனென்றால் அளந்து முடித்த காற்று வெளியே போனது எஞ்சின் கணினியான ஈசியுவுக்குத் தெரியாது, அது பாட்டுக்குப் பெற்றோலை ஊற்றும், ஆக்சிலேட்டரை விட்டதும் கறுப்புப் புகை வரும், சிலவேளை எஞ்சினே நின்றுவிடும். காற்று கூடிக் கூடி சிக்னல் 5 வோல்ட்டைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் சென்சருக்குக் கண் தெரியாது. அதற்காக சென்சர் இருக்கும் 60 மில்லிமீற்றர் குழாயை 80 ஆக்கினால் பரப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்காகும், ஈசியுவில் அளவீட்டு அட்டவணையை மாற்றியே ஆக வேண்டும், கார் நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலில் நுணுக்கமும் குறையும். சென்சருக்கு முன்னால் நேரான பைப் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு விடுங்கள், வளைவு முடிந்த உடனே வைத்தால் காற்று சுழன்று அளவு தடுமாறும்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் நிலாவெளிப் பக்கம் ஓடுகிறவர்கள் பில்டரையும் கவனிக்க வேண்டும். ஒயில் பூசும் பருத்தி பில்டரில் ஒயில் கூடினால் அது கம்பியில் படியும், பிறகு மண்ணும் அதிலேயே ஒட்டும். கம்பியைச் சுத்தம் செய்யக் காபுரேட்டர் கிளீனர் அடிக்காதீர்கள், மாஃப்புக்கென்று விற்கிற ஸ்பிரேதான் சரி.

இன்டர்கூலருக்குப் பிறகு, எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் திராட்டிலுக்கு முன் மாஃப் வைப்பது இரண்டாவது வழி. புளோ ஆஃப் வால்வு சென்சருக்கு முன்னால் இருந்தால் 'புஸ்' சத்தத்தைத் தாராளமாக வெளியே விடலாம். அந்தச் சத்தத்தைத் தவிர இதில் எனக்குப் பெரிய இலாபம் தெரியவில்லை, டர்போவிலிருந்து கசியும் ஒயில் நேரே கம்பிக்குத்தான் வரும்.

மாஃப்பே வேண்டாம் என்றால் மேப். டொயோட்டா ஸ்டார்லெட் ஜிடி டர்போவின் 4இ-எஃப்டிஇ எஞ்சின் கம்பெனியிலிருந்தே இப்படித்தான் வந்தது. மனிபோல்ட் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்) அழுத்தம், காற்றின் வெப்பம், எஞ்சின் வேகம் மூன்றையும் வைத்து ஈசியு காற்றைக் கணக்கிடும். 3 பார் அழுத்தம் வரை அளக்கும் சென்சர் என்றால் சுமார் 2 பார் பூஸ்ட் (டர்போ கூட்டும் அழுத்தம்) வரை தாங்கும், ஏனென்றால் முதல் 1 பார் வெளிக்காற்றுக்கே போய்விடும். கடலோரத்தில் தூசு படியக் கம்பி இல்லை என்பது நல்ல விஷயம். ஆனால் கேம், டர்போ எதை மாற்றினாலும் மறுபடி டியூன் செய்ய வேண்டும், எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ தேடிப் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் ஓட வேண்டும்.

நம் ஊர் வெயிலில் மேப் போடுகிறவர்கள் சறுக்குவது வெப்பச் சென்சரில்தான். அதை மனிபோல்ட் உலோகத்தில் பூட்டினால் உள்ளே 35 பாகை காற்று வந்தாலும் 60 என்று சொல்லும், ஈசியு காற்று கிட்டத்தட்ட 8 சதவீதம் குறைவு என்று நினைத்துப் பெற்றோலைக் குறைக்கும், பூஸ்டில் அது ஆபத்து. இன்டர்கூலரைத் தாண்டிய பைப்பில் எஞ்சின் சூடு ஏறாத இடமாகப் பார்த்து வையுங்கள். மேப் ஹோஸ் குட்டையாக, மனிபோல்ட்டில் தனித் துளையிலிருந்து வரட்டும்.

தெருவில் ஓடும் காருக்கு, பழைய மாஃப் 5 வோல்ட்டைத் தொடாத வரை, நான் முதல் வழியையே சொல்வேன். தொட்டுவிட்டதென்றால் குழாயைப் பெருப்பிக்காமல் நேரே மேப்புக்குப் போங்கள், எதைப் போட்டாலும் கனெக்டரில் உப்புக் காற்று புகாமல் சீல் சரியாக இருக்கிறதா என்று கராஜ் பாஸிடம் ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள்.