ஏழு கோடை, ஒரே பட்டம்: வெளி ஹெப்ரைடீஸ் தீவுகளில் பட்டம் ஏற்றிய அனுபவம்

இந்தப் பட்டத்தை 2017 ஏப்ரலில் வாங்கினேன். ரொக்காக்கு என்கிற ஜப்பானிய வகை. ஆறு மூலை, ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய உயரம், ரிப்ஸ்டொப் நைலோன் துணி, காபன் குச்சிகள். ஜப்பானின் நீகாட்டா பகுதியில் சண்டைப் பட்டமாக ஏற்றுவது இதைத்தான். யாழ்ப்பாணத்தில் எட்டுமூலை ஏற்றி வளர்ந்த கைக்கு இது ஒரே நாளில் பழகிவிட்டது. அன்றிலிருந்து 2024 வரை, நோய்த்தொற்றுக் காலமான 2020 தவிர, ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஸ்கொட்லாந்தின் மேற்கே உள்ள வெளி ஹெப்ரைடீஸ் தீவுகளுக்கு இதைக் கொண்டுபோயிருக்கிறேன். ஏழு கோடை பாவித்தபின் எழுதுவதால், கடைப்பெட்டியில் போட்டிருக்காத விஷயங்களைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் காற்று. இந்தத் தீவுகளுக்கு மேற்கே அத்திலாந்திக் சமுத்திரம் மட்டும்தான். மணிக்கு 25, 30 கிலோமீற்றர் காற்று அங்கே கோடையிலும் அதிசயமில்லை. வாங்கியபோது பட்டத்தில் கட்டியிருந்த முச்சை, அதாவது பட்டத்தை நூலோடு இணைக்கும் கட்டுக்கயிறு, ஊர்ப் பூங்காவின் மெல்லிய காற்றுக்கானது. லண்டனில் அழகாக நின்ற பட்டம், முதல் வருடம் பரா தீவின் கடற்கரையில் ஏறியதும் இடமும் வலமுமாகச் சுழன்று தலைகீழாக மணலில் குத்தியது. மூன்று தரம். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று இரவு பருத்தித்துறையில் இருக்கும் அப்பாவோடு தொலைபேசியில் பேசும்போது இதைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"தம்பி, காத்துக் கூடவெண்டால் மேல் முச்சையைக் குறுக்கு. தலை குனிஞ்சால்தான் நிக்கும்."

அடுத்த நாள் முச்சை வளையத்தை இரண்டு விரலளவு மேலே நகர்த்தினேன். கூடவே, பட்டத்தை வில்லாக வளைக்கும் பின்பக்க நாணையும் இன்னும் இழுத்துக் கட்டினேன். பட்டம் நின்றது. ஆடாமல் நின்றது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மேல் முச்சை குறுகினால் பட்டத்தின் முகம் காற்றுக்கு நிமிர்ந்து நிற்காமல் சரிகிறது, இழுவை குறைகிறது. வளைவு கூடினால், ஒரு பக்கம் சாயும்போது காற்றே அதை நிமிர்த்திவிடுகிறது. அதற்குமேலும் காற்று அடித்தால் நீளமான வால். இந்த மூன்றையும் கையால் மாற்ற முடிகிறது என்பதுதான் இந்தப் பட்டத்தை நான் இத்தனை வருடம் வைத்திருப்பதற்குக் காரணம். தூரத் தீவுக்குக் கொண்டுபோக வேண்டியது, அந்த இடத்திலேயே திருத்திக்கொள்ளக் கூடிய பட்டம். கடை இல்லாத இடத்தில் மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

அப்புறம் இடம். எனக்கு மிகப் பிடித்தது வட்டர்சே. பராவோடு 1991இல் கடலுக்கு நடுவே கல்பாதை போட்டு இணைத்த சின்னத் தீவு. அதன் நடுவில் ஒடுங்கிய மணல்நிலம், மேற்கே ஒரு கடற்கரை, கிழக்கே ஒரு கடற்கரை. மேற்குக் கரையில் 1853இல் உடைந்த அனி ஜேன் என்ற கப்பலில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஏறத்தாழ 350 பேர், கனடாவுக்குக் குடிபெயரப் புறப்பட்ட ஏழைக் குடும்பங்கள் அதில் பலர். முதல் தடவை அதை வாசித்துவிட்டுப் பட்டத்தை எடுக்க மனம் வராமல் கிழக்குக் கரைக்குப் போனேன்.

அங்கேதான் பெரிய தவறு செய்தேன். அன்று மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று. மேற்குக் கரையில் நின்றால் அது கடலிலிருந்து தரைக்கு வரும் காற்று. எதிலும் முட்டாமல் வருவதால் பட்டம் குலுங்காது, நூல் அறுந்தாலும் பட்டம் புல்லில் விழும். கிழக்குக் கரையில் அதே காற்று தரையிலிருந்து கடலுக்கு. மணல்மேட்டைத் தாண்டி வருவதால் சுழிக்கும். நான் அன்று ஏற்றியது குச்சியில்லாத, பைக்குள் அடங்கும் இன்னொரு சின்னப் பட்டம். முந்தின நாள் சிக்கெடுக்கும்போது வெட்டிய நூலைச் சாதாரண முடிச்சுப் போட்டு இணைத்திருந்தேன். அப்படி முடிந்த இடத்தில் நூலின் பலம் ஏறத்தாழ பாதியாகிவிடும். சரியாக அந்த முடிச்சிலேயே அறுந்தது. நாற்பது மீற்றர் நூலோடு பட்டம் கடலுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நீர்நாய்களும் கடல்நாய்களும் கடற்பறவைகளும் வாழும் கடல் அது. அந்த நூல் எதன் காலில் சுற்றியிருக்கும் என்ற நினைப்பு இன்றும் போகவில்லை. அதற்குப் பிறகு காற்று கடலுக்குப் போகும் பக்கம் நான் பட்டம் ஏற்றியதே இல்லை. நூலில் நடு முடிச்சும் இல்லை, அறுந்தால் புது நூல்தான்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். பிரித்தானியாவில் அனுமதியில்லாமல் 60 மீற்றருக்கு மேல் பட்டம் ஏற்றக் கூடாது, விமான நிலையத்தை அண்டிய வான்பரப்பில் அது 30 மீற்றர். பராவில் கடற்கரையேதான் விமான நிலையம். வற்றுப் பெருக்குப் பார்த்து, ஈர மணலில் கிளாஸ்கோ விமானம் இறங்கும். தட்டையான, அகன்ற, ஆசையைத் தூண்டும் மணல்தான், ஆனால் நான் அங்கே பட்டப்பையைத் திறப்பதே இல்லை. என் சுருளில் மொத்தமே 60 மீற்றர் பின்னல் பொலியெஸ்டர் நூல். அதனால் உயரக் கணக்குப் பார்க்க வேண்டிய தேவை வருவதில்லை.

ஊய்ஸ்ட் தீவுகளின் மேற்குக் கரையோரம் முழுக்க மக்கர் என்ற மணற்புல்வெளி. மே, ஜூன் மாதங்களில் பூவால் நிறைந்திருக்கும், பார்த்தால் அங்கேயே ஏற்றத் தோன்றும். ஏற்றாதீர்கள். ஆள்காட்டி இனப் பறவைகள் அந்தப் புல்லில்தான் தரையோடு கூடு வைக்கின்றன. நம் ஊரில் ஒரு பட்டத்துக்குப் பிராந்து, அதாவது பருந்து, என்றே பெயர் வைத்தோம். அந்தப் பறவைகளுக்கு எந்தப் பட்டமும் பிராந்துதான். அது தலைக்கு மேலே நிற்கும்வரை தாய்ப்பறவை முட்டைக்குத் திரும்பாது. ஈர மணலுக்கு இறங்கிவிட்டால் போதும்.

ஹரிஸ், லூயிஸ் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பட்டத்தை உள்ளேயே வைத்துவிடுவோம். ஓய்வுநாளை இன்னும் மனதார அனுசரிக்கிற ஊர்கள் அவை. தங்கியிருந்த வீட்டு அம்மா ஒன்றும் தடுக்கவில்லை, ஆனால் சனிக்கிழமை இரவே "நாளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். புரிந்துகொண்டோம். இருக்கவே இருக்கிறது திங்கள். ஜூனில் இரவு பத்து மணி தாண்டியும் வெளிச்சம் நிற்கும்.

ஒரு வருடம் ஆசைப்பட்டு, காற்றில் கூவும் விண்ணும் பட்டத்தில் பூட்டினேன், பார்சல் கட்டும் நாடாவால். வட்டர்சேயில் மணலில் படுத்திருந்த மாடுகள் எல்லாம் விண் கூவியதும் எழும்பிவிட்டன. கழற்றிவிட்டேன்.

இனித் தேய்மானம். சிவப்புத் துணி வெயிலில் வெளிறி இப்போது செங்கல் நிறம். கிழியவில்லை. உப்பும் மணலும்தான் உண்மையான எதிரி: குச்சிகளை இணைக்கும் குழாயில் மணல் புகுந்து ஒருமுறை கழற்றவே முடியாமல் போனது. இப்போது ஒவ்வொரு மாலையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்கிறேன். நூல் பிடிக்கக் கையுறை கட்டாயம்.

2022இல் மேல் குறுக்குக் குச்சி முறிந்தது. பக்கத்தில் கூடாரம் அடித்திருந்த ஒரு தம்பதி தங்கள் உடைந்த கூடாரக் கம்பியில் ஒரு துண்டைத் தந்தார்கள். அதை முறிந்த இடத்தில் வைத்துக் கட்டியதில் இடப்பக்கம் பாரம் சற்றுக் கூடி, பட்டம் அந்தப் பக்கமே சாய்ந்தது. வலப்பக்க நுனியில் ஒட்டுநாடாவை நாலு சுற்றுச் சுற்றினோம். புதுக் குச்சி வாங்கி வீட்டில்தான் கிடக்கிறது. மகள் மாற்ற விடவில்லை.