ப்ளே ஸ்டோருக்கு வெளியே இரண்டு கடைகள்

ஆண்ட்ராய்டு போனில் ஆப் இறக்க ப்ளே ஸ்டோரை விட்டால் வேறு வழியில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வழி உண்டு. நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் இரண்டு கடைகளை ப்ளேயோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: போன்பே நிறுவனத்தின் இண்டஸ் ஆப்ஸ்டோர், அப்புறம் 2010 முதல் இருக்கும் எஃப்-ட்ராய்டு.

ப்ளேயின் பலம் தெரிந்ததுதான். வங்கி ஆப் முதல் ரயில் டிக்கெட் வரை எல்லாம் அங்கே கிடைக்கும். எல்லாமே ஒரே வாசல் வழியாக வருவதுதான் சிக்கல். 2024 மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறில் சில இந்திய நிறுவனங்களின் ஆப்களை கூகுள் ப்ளேயிலிருந்து தூக்கியது. ஆப்புக்குள் நடக்கும் விற்பனையில் கூகுள் கேட்ட 11 முதல் 26 சதவீதம்தான் தகராறின் வேர். சென்னையில் இயங்கும் பாரத் மேட்ரிமோனியும் அதில் மாட்டியது. மத்திய அரசு தலையிட்டபின் சில நாட்களில் ஆப்கள் திரும்பி வந்தன. அரசாங்கம் வரை குரல் எட்டாத சின்ன டெவலப்பராக இருந்தால்?

அந்த ஆப்களை கூகுள் தூக்குவதற்கு ஒன்பது நாள் முன்புதான் இண்டஸ் திறந்திருந்தது. தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளில் ஆப் தேடலாம். டெவலப்பர் தனக்குப் பிடித்த பேமென்ட் வசதியை வைத்துக்கொள்ளலாம், அதற்குக் கமிஷன் கிடையாது. ஆங்கிலம் வராத பெரியவர்களுக்கு இது நிஜமான உதவி. ஆனாலும் இதுவும் ஒரு நிறுவனத்தின் கடைதான். விதி நாளை மாறலாம்.

என் மனம் எஃப்-ட்ராய்டு பக்கம். ஒருமுறை இறக்கிப் பாருங்கள். ‘இந்தக் கோப்பு ஆபத்தானதாக இருக்கலாம்’ என்று பிரவுசர் எச்சரிக்கும், செட்டிங்ஸில் ஒரு பட்டனைத் தள்ளச் சொல்லும். அதோடு சரி. கணக்கு வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம். பாட்காஸ்ட் கேட்க ஆன்டெனாபாட் பக்கத்தைத் திறந்தால் மூலநிரலின் (ஆப்பை உருவாக்க எழுதிய நிரல்) இணைப்பும் அந்த ஆப் கேட்கும் அனுமதிகளும் அங்கேயே இருக்கும். ஒரு ஆப் நம்மைப் பின்தொடர்ந்தாலோ விளம்பரம் காட்டினாலோ அதைப் பட்டவர்த்தனமாக எழுதி வைக்கிறார்கள். பெரும்பாலான ஆப்களை மூலநிரலிலிருந்து எஃப்-ட்ராய்டு குழுவே உருவாக்கித் தருகிறது. ஓடுவது நன்கொடையில். வங்கி ஆப்பை மட்டும் அங்கே தேடாதீர்கள், கிடைக்காது.

இந்தக் கடைக்குத்தான் இப்போது ஆபத்து. ப்ளேக்கு வெளியே ஆப் தரும் டெவலப்பரும் தன் அடையாளத்தை கூகுளிடம் பதிவு செய்தாக வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் ஆரம்பம், 2027 முதல் மற்ற நாடுகள் என்பது திட்டம். மோசடியைத் தடுக்கத்தான் என்று கூகுள் சொல்லும் காரணம் பொய்யில்லை. கல்யாணப் பத்திரிகை என்றும் டிராஃபிக் அபராதம் என்றும் வாட்ஸ்ஆப்பில் வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு) தொட்டுப் பணத்தை இழந்தவர்கள் இங்கே நிறைய. ஆனால் எஃப்-ட்ராய்டில் எழுதுபவர்களில் பலர் சும்மா விருப்பத்துக்காக எழுதித் தருபவர்கள். அவர்களைப் பதிவு செய்யச் சொல்லிக் கடை கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள் சார்பில் தானே பதிவு செய்துகொள்ளவும் முடியாது. இது நடைமுறைக்கு வந்தால் தங்கள் திட்டமே முடிந்துவிடும் என்று 2025 செப்டம்பரில் வெளிப்படையாகவே எழுதினார்கள். எதிர்ப்புக்குப் பிறகு நவம்பரில், பதிவு செய்யாதவர்களின் ஆப்களையும் நிறுவிக்கொள்ள விவரம் தெரிந்த பயனர்களுக்குத் தனி வழி தருவதாக கூகுள் சொன்னது.

இண்டஸுக்கு இதனால் பெரிய பாதிப்பு இராது. அங்கே இருப்பவை பெரும்பாலும் நிறுவனங்கள், பதிவு அவர்களுக்கு ஒரு படிவம். அந்தத் தனி வழி இரண்டு மூன்று எச்சரிக்கைத் திரைகளோடு முடிந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை, மோசடியைத் தடுக்க அந்தத் தாமதம் உதவும். சாதாரண ஆள் பாதியிலேயே விட்டுவிடும்படி நீண்டால், எஃப்-ட்ராய்டு இருந்தும் இல்லாததுபோல்தான். வங்கிக்கும் டிக்கெட்டுக்கும் ப்ளே, அம்மா அப்பா போனில் இண்டஸ், மற்றதெல்லாம் எஃப்-ட்ராய்டில் இருந்து. என் சிபாரிசு இதுதான்.