விறகா, கரியா, கேஸா? செட்டிநாட்டுப் பலகார அடுப்பும் புற்றுநோய்க் கணக்கும்

காரைக்குடிப் பக்கம் பலகாரக் கூடம் நடத்துகிறவர்களிடம் அடுப்பைப் பற்றிக் கேட்டால் முதலில் செலவைச் சொல்வார்கள், அடுத்து ருசியை. எண்ணெய்ச் சட்டி முன்னால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தேன்குழலும் சீப்புச் சீடையும் சுடும் பெண்களின் நுரையீரலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கணக்கு.

சீமைக் கருவேல விறகுக்குச் சிவகங்கைச் சீமையில் பஞ்சமே இல்லை. நன்றாகக் காய்ந்த கட்டை நின்று எரியும். ஈரக்கட்டைதான் வில்லங்கம். அரைகுறையாக எரியும்போது பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற, கார்பன் வளையங்கள் கோத்த வேதிப்பொருள்கள் நிறைய உண்டாகும். அவற்றில் கனமானவை கரித்துகள் மேல் ஒட்டிக்கொள்ளும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் நுரையீரலின் அடிவரை இறங்கி, சுமந்து வந்ததை அங்கே சேர்த்துவிடும். அப்படி வருகிறவற்றில் ஒன்றான பென்சோபைரீனை வெளியேற்ற உடம்பு உடைக்கிறபோதே அது உருமாறி டிஎன்ஏவில் ஒட்டுகிறது. புற்று அந்தப் பழுதிலிருந்து தொடங்கலாம். அடுப்புக்கு மேலே சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். கரி உதிராது, பிசுபிசுவென்று விரலோடு வரும். விறகின் தாரும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து படிந்த பிசுக்கு அது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பென்சோபைரீனை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதியானவற்றில், வைத்திருக்கிறது. வெளிக்காற்று மாசையும் அதன் துகள்களையும் 2013இல் அங்கேயே சேர்த்தது. வீட்டு விறகுப் புகை 2ஏ, அதாவது அநேகமாகப் புற்று உண்டாக்கும் என்ற பிரிவு. இந்தப் பிரிவுகள் ஆதாரத்தின் வலுவைத்தான் சொல்கின்றன, ஆபத்தின் அளவை அல்ல. அதனால் 2ஏ என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பென்சோபைரீனுக்கு இந்தியத் தர வரம்பு ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 1 நானோகிராம். அந்த அளவிலேயே ஆயுள் முழுக்கச் சுவாசித்தாலும் லட்சம் பேரில் ஏறத்தாழ 9 பேருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

மரக்கரி கண்ணைக் கரிக்காது, துகளும் குறைவு. ஆனால் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். விறகு கக்க வேண்டிய புகையில் பெரும்பகுதியைக் கரிமூட்டம் போடும் தொழிலாளி ஏற்கெனவே சுவாசித்துவிட்டார் என்பதும் எனக்கு உறுத்துகிறது. உள்ளே வைத்துச் சுட இது வேண்டவே வேண்டாம்.

கேஸ் நீலமாக எரியும்போது துகள் மிகச் சொற்பம். 19 கிலோ சிலிண்டர் விலை கசக்கும்தான், ஆனாலும் என் ஓட்டு இதற்கே. கேஸ் வந்ததும் எல்லாம் தீர்ந்ததென்று சன்னலைச் சாத்திவிடக் கூடாது. கொதிக்கும் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் புகையும் அதே 2ஏ பிரிவுதான். சட்டிக்கு நேர் மேலே புகை உறிஞ்சி வேண்டும். எண்ணெய் புகையும்வரை காயக் கூடாது.

விறகை விட முடியாதவர்கள் புகைக்கூண்டு வையுங்கள். சீனாவின் சுவான்வெய் பகுதியில் நிலக்கரி எரித்த வீடுகளில் அடுப்புக்குப் புகைக்கூண்டு வைத்த பிறகு நுரையீரல் புற்றுநோய் கணிசமாகக் குறைந்தது. பழைய செட்டிநாட்டு வீடுகளில் அடுப்படி பின்கட்டில், திறந்த முற்றத்தை ஒட்டி இருக்கும். வாடகைக்குப் பிடித்த தகரக் கொட்டகையில் அந்த வசதி ஏது? கட்டையை மழை படாமல் அடுக்கி வையுங்கள். பால் கவரைக் கொளுத்தி அடுப்புப் பற்றவைப்பதை இன்றோடு நிறுத்துங்கள், தேங்காய் நார் போதும்.